அம்புக்குறிக்கு என்ன பொருள்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையைப் படமாக வரைந்து வரையறுக்கும் குறியீட்டு மொழிகளைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒரே பொருளைச் சுற்றி வந்த அந்தக் கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்து விடையளித்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் எல்லா அமைப்புகளையும் பெட்டிகளும் அம்புகளும் போட்டுத்தான் விளக்குகிறோம். எஸ்.டி.எல். (Specification and Description Language), பெட்ரி வலை போன்ற குறியீட்டு மொழிகளும் பெட்டியும் அம்பும்தானே? அவற்றுக்கு மட்டும் ‘முறைசார் வரையறை’ என்ற பெயர் ஏன்?
– மென்பொருள் பொறியாளர் ஒருவர்

உங்கள் பலகையில் இருக்கும் அம்புகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது ‘அ’ என்ற பெட்டியிலிருந்து ‘ஆ’ என்ற பெட்டிக்குச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ ஒரு செய்தியை அனுப்பிவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிறதா, அல்லது பதில் வரும்வரை காத்து நிற்கிறதா? செய்தி வழியில் தொலைந்துபோகக் கூடுமா? இரண்டு செய்திகளை அடுத்தடுத்து அனுப்பினால் அனுப்பிய வரிசையிலேயே அவை சேருமா? ‘ஆ’ வேறொரு வேலையில் இருக்கும்போது வந்த செய்தி எங்கே தங்கும், அங்கே எத்தனை செய்திகளுக்கு இடம் உண்டு? இந்தக் கேள்விகளை உங்கள் குழுவில் ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஐவரும் ஒரே விடையைத் தந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த விடை படத்தில் இல்லை, நீங்கள் சேர்ந்து வேலை செய்து பழகிய பழக்கத்தில் இருக்கிறது. ஆறாவதாக ஒருவர் புதிதாகச் சேரும் நாளில், அல்லது மறுமுனையை வேறொரு நிறுவனம் எழுதும் நாளில், அந்தப் பழக்கம் உதவிக்கு வராது.

முறைசார்ந்த குறியீட்டு மொழி இந்த இடைவெளியை இரண்டு படிகளில் அடைக்கிறது. எந்தக் குறியை எந்தக் குறியோடு இணைக்கலாம், எந்த இணைப்பு பிழை என்பதை அது இலக்கண விதியாகச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு, இலக்கணப்படி சரியான ஒவ்வொரு படமும் எந்தெந்த நடத்தைகளை அனுமதிக்கிறது என்பதைக் கணிதத்தின் வழியே ஐயமின்றி நிறுவுகிறது. இரண்டாவது படிதான் அரிது. அதைத்தான் பெரும்பாலான பெட்டி–அம்புப் படங்கள் தவறவிடுகின்றன. அந்தப் படியைக் கடந்த படத்தில், வரைந்ததற்கு மட்டுமல்ல, வரையாமல் விட்டதற்கும் பொருள் உண்டு. ஒரு நிலையிலிருந்து ஒரு செய்திக்கு அம்பு போடவில்லை என்றால், அந்தச் செய்தி அங்கே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியே விடை வைத்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் எல்லாக் கேள்விகளுக்கும் நான் திரும்பத் திரும்ப இதே இடத்துக்குத்தான் வரப்போகிறேன், ஏனெனில் தொடர்பு அமைப்புகளில் நான் கண்ட பிழைகளில் மிகுதியானவை வரையப்பட்ட கோட்டில் இருந்ததில்லை; வரையப்படாத கோட்டில்தான் இருந்தன.

எஸ்.டி.எல். படத்தை எப்படி வாசிப்பது? ஓர் எளிய எடுத்துக்காட்டோடு விளக்க முடியுமா?
– பொறியியல் மாணவி

எஸ்.டி.எல். தொலைபேசி இணைப்பகங்களின் உலகில் பிறந்த மொழி. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிர்ணயக் குழு, அன்றைய பெயரில் சி.சி.ஐ.டி.டி., அதன் முதல் வடிவத்தை 1976-இல் பரிந்துரையாக வெளியிட்டது. இன்று அது இசட்.100 என்ற எண்ணால் அறியப்படுகிறது. 1988 வடிவத்தோடு கணித வழியிலான பொருள்விளக்கமும் இணைக்கப்பட்டது. 1992-இல் பொருள்நோக்கு (object-oriented) வசதிகள் சேர்ந்தன. அதே மொழிக்குப் பட வடிவம், எழுத்து வடிவம் என இரண்டு உருவங்கள் உண்டு என்பதையும், இரண்டும் ஒரே பொருளைத் தரும் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. எனவே இங்கே படம் என்பது எழுத்துக்குத் துணையாக ஒட்டப்பட்ட விளக்கச் சித்திரம் அன்று, படமே சட்டம்.

அமைப்பைப் பெரிய பெட்டிகளாகப் பிரித்து, பெட்டிகளுக்கு இடையே செய்திகள் செல்லும் தடங்களை வரைவது மேல்மட்டம். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே ஒன்றோ பலவோ செயலிகள் (process) இயங்கும். செயலி ஒவ்வொன்றும் ஒரு நிலைப்பொறி, அதாவது ஒரு நிலையில் காத்திருந்து, செய்தி வந்ததும் அதற்குரிய வேலையைச் செய்து அடுத்த நிலைக்குப் போவது. அதன் படத்தை மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும். பக்கங்கள் வளைந்த பெட்டி, செயலி காத்திருக்கும் நிலை. பக்கத்தில் உள்நோக்கி வெட்டு விழுந்த பெட்டி, ஒரு செய்தியைப் பெறுவது. பக்கம் வெளிநோக்கிக் கூர்ந்த பெட்டி, ஒரு செய்தியை அனுப்புவது. செவ்வகம் உள்வேலை, சாய்சதுரம் முடிவெடுப்பு. ஓர் அனுப்புதலின் கூர்முனை ஒரு பெறுதலின் வெட்டுக்குள் சரியாகப் பொருந்துவதுபோல் அந்த இரு குறிகளும் அமைந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், வரைந்தவர்கள் எவ்வளவு சிந்தித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

எடுத்துக்காட்டுக்கு, மாறி மாறி வரும் ஒற்றை பிட்டைக் கொண்டு இயங்கும் பழைய நெறிமுறையை (இரு முனைகளும் பேசிக்கொள்ளும் விதித்தொகுப்பை) பார்ப்போம். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்ட்லெட், ஸ்கான்டில்பரி, வில்கின்சன் ஆகிய மூவரும் 1969-இல் வெளியிட்டது இது. செய்திகளைத் தொலைத்துவிடக்கூடிய ஒரு தடத்தின் மீது, எந்தச் செய்தியும் தொலையாமலும் இரட்டிக்காமலும் சேர வேண்டும் என்பதே நோக்கம். அனுப்புபவர் தன் செய்தியோடு 0 என்ற பிட்டை ஒட்டி அனுப்பிவிட்டு, டைமரை முடுக்கி, ‘0-க்கு ஒப்புதலை எதிர்நோக்குதல்’ என்ற நிலைக்குப் போகிறார். ஒப்புதல் என்பது, ‘கிடைத்தது’ என்று பெறுபவர் அதே பிட்டோடு அனுப்பும் பதில். அந்த நிலைக்குக் கீழே மூன்று கிளைகளை வரைய வேண்டும். ஒப்புதல் 0 வந்தால் டைமரை நிறுத்திவிட்டு, அடுத்த செய்தியை 1 என்ற பிட்டோடு அனுப்பி, ‘1-க்கு ஒப்புதலை எதிர்நோக்குதல்’ நிலைக்குச் செல்ல வேண்டும். டைமர் முடிந்தால் அதே செய்தியை அதே பிட்டோடு மறுபடி அனுப்பி, டைமரை மறுபடி முடுக்கி, அதே நிலையில் நிற்க வேண்டும். ஒப்புதல் 1 வந்தால், அது முந்தைய சுற்றின் மிச்சம். அதைப் புறக்கணிக்க வேண்டும்.

மாணவர்கள் மூன்றாவது கிளையைப் பெரும்பாலும் வரைவதில்லை. எஸ்.டி.எல். மொழியில் அது பிழை ஆகாது, ஏனெனில் அங்கே ஒவ்வொரு செயலிக்கும் வந்த வரிசையில் செய்திகள் நிற்கும் ஒரு வரிசை உண்டு. வரிசையின் தலையில் நிற்கும் செய்திக்கு இப்போதைய நிலையில் கிளை எதுவும் இல்லை என்றால், அந்தச் செய்தி ஓசையின்றித் தூக்கி எறியப்படும் என்பது மொழியின் விதி. ‘இப்போது வேண்டாம், பிறகு பார்க்கிறேன்’ என்று சொல்ல விரும்பினால் இணைகரம் போன்ற ‘சேமி’ குறியை வெளிப்படையாக வரைய வேண்டும். மேலே சொன்ன நெறிமுறையில் எறிவதே சரி என்பதால் நாம் தப்பித்தோம். ஆனால் இணைப்பை முடிக்கச் சொல்லும் செய்தி ஒன்று எதிர்பாராத நிலையில் வந்து எறியப்பட்டுவிட்டால், மறுமுனை முடிந்துவிட்டதாக நினைத்திருக்க, இந்த முனை காலமெல்லாம் காத்துக்கொண்டிருக்கும். எனவே வரையாத கிளைகளையும் ஒரு அட்டவணையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ‘எறிதல்’ என்று தெரிந்தே குறிப்பிடுமாறு மாணவர்களை வற்புறுத்துவேன். அலுப்பூட்டும் வேலைதான், இருந்தாலும் அதைப்போல் பயன் தரும் வேலை வேறொன்றை நான் அறியேன்.

இன்னொரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டைமர் முடிந்ததும் அதுவும் ஒரு செய்தியாகவே வரிசையில் வந்து நிற்கும். அது வரிசையில் நிற்கும்போதே, அதற்கு முன்னால் நின்ற ஒப்புதலைச் செயலி எடுத்து டைமரை நிறுத்தினால், எஸ்.டி.எல். விதிப்படி வரிசையில் நிற்கும் அந்த டைமர் செய்தியும் நீக்கப்படும். படத்தைப் பார்த்து நிரலெழுதும் பலர் டைமரை நிறுத்துவதோடு விட்டுவிடுகிறார்கள். வரிசையில் ஏற்கனவே நின்ற செய்தி அடுத்த நிலையில் போய் வெடிக்கிறது. படத்தின் பொருள் துல்லியமாக இருந்தும் வாசித்தவர் பாதி பொருளை மட்டுமே எடுத்துக்கொண்டதால் வரும் வினை இது.

இந்த நெறிமுறை சரியாக இயங்குவதற்குத் தடம் வரிசை மாற்றாது என்ற அனுமானம் தேவை. தடம் செய்திகளை முன்பின்னாக்கினால், 0 பிட்டோடு மறுபடி அனுப்பப்பட்ட பழைய நகல் ஒன்று, அடுத்த 1 பிட் செய்திக்குப் பிறகு வந்து சேரலாம். பெறுபவர் அப்போது 0 பிட்டை எதிர்பார்த்திருப்பதால் பழைய நகலைப் புதிய செய்தி என்று ஏற்றுக்கொள்வார். இரு முனைகளின் படங்களும் குற்றமற்றவை. குற்றம் நடுவிலிருக்கும் தடத்தைப் பற்றிய அனுமானத்தில் இருக்கிறது. எஸ்.டி.எல். தடம் இயல்பிலேயே வரிசை காப்பது. எனவே வரிசை காக்காத வலையமைப்பின் மீது இயங்கப்போகும் நெறிமுறைக்கு, அந்த வலையமைப்பையே தனி ஒரு செயலியாக வரைந்து, அது தொலைக்கவும் முன்பின்னாக்கவும் கூடும் என்று காட்ட வேண்டும்.

செய்தி வரிசைப் படங்கள் எல்லாருக்கும் உடனே புரிகின்றன. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அமைப்பை முழுமையாக வரையறுக்க முடியாதா?
– தொலைத்தொடர்புத் துறையில் பணிபுரியும் வாசகர்

முடியாது என்று சொல்வதைவிட, எதற்கு அவை போதும், எங்கே அவை ஏமாற்றும் என்று சொல்வது உங்களுக்குப் பயன்படும்.

ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் ஒரு செங்குத்துக் கோடு, கோடுகளுக்கு இடையே செய்திகளுக்கு அம்புகள் என்று அமையும் இப்படங்களை எம்.எஸ்.சி. (Message Sequence Chart) என்ற பெயரில் அதே ஒன்றியத்தின் இசட்.120 பரிந்துரை 1993-இல் தரப்படுத்தியது. கீழே போகப்போகக் காலம் நகர்கிறது என்று எல்லாரும் வாசிக்கிறோம். அந்த வாசிப்பில் பாதி தவறு. ஒரே கோட்டின் மேல் நிகழ்பவற்றுக்கு மேலிருந்து கீழ் என்ற வரிசை உண்டு. ஒரு செய்தி அனுப்பப்பட்ட பிறகே பெறப்படும் என்ற வரிசையும் உண்டு. இவை இரண்டைத் தவிரப் படத்தில் வேறு வரிசை இல்லை. வெவ்வேறு கோடுகளில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வரையப்பட்ட இரு நிகழ்வுகளில் எது முதலில் நடக்கும் என்பதைப் படம் சொல்லவே இல்லை. நம் கண்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறது.

இதிலிருந்து பிறக்கும் முதல் சிக்கல் பந்தயம். ‘க’ என்பவர் ‘ப’-வுக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். ‘ச’ என்பவரும் ‘ப’-வுக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். ‘ப’-வின் கோட்டில் க-வின் செய்தி மேலேயும் ச-வின் செய்தி கீழேயும் வரையப்பட்டிருக்கின்றன. படம் ஒரு வரிசையைக் கேட்கிறது. ஆனால் அந்த வரிசையை நிலைநாட்ட வல்லவர் யாரும் படத்தில் இல்லை, ஏனெனில் க-வும் ச-வும் ஒருவரை ஒருவர் அறியாமல் அனுப்புகிறார்கள். ஆலூர், ஹோல்ஸ்மன், பெலெட் ஆகியோர் 1996-இல் இத்தகைய பந்தயங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டார்கள். கருவி எதுவும் இல்லாவிட்டாலும் நீங்களே தேடலாம்: ஒரே கோட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு பெறுதல்களைக் கண்டால், அனுப்பியவர்கள் வெவ்வேறு ஆட்களா என்று பாருங்கள்.

இரண்டாவது சிக்கல், முடிவு யாருடையது என்பது. ‘இங்கே அழைப்பை முதலாமவர் துண்டிக்கலாம், அல்லது இரண்டாமவர் துண்டிக்கலாம்’ என்று இரண்டு படங்களை மாற்றாக வைக்கிறோம். படத்தில் ஏதேனும் ஒன்றுதான் நடக்கும். நடப்பில் இருவரும் ஒரே கணத்தில் துண்டிக்க முற்படலாம். அப்போது இரு செய்திகளும் வழியில் ஒன்றையொன்று கடந்துபோகும், எந்தப் படத்திலும் இல்லாத மூன்றாவது நிலை ஒன்று பிறக்கும். தொலைபேசித் துறையில் இருக்கும் உங்களுக்கு, இரு முனைகளும் ஒரே தடத்தை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும் நிகழ்வு புதிதாக இருக்காது. அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. இரண்டு குழுக்கள் ஒரே வரிசைப் படங்களின் தொகுப்பை வைத்துக்கொண்டு இரு முனைகளையும் எழுதின. ஒவ்வொரு படத்தையும் இரு முனைகளும் சரியாக நிறைவேற்றின. சோதனைகள் எல்லாம் தேறின. இணைத்துச் சில நாட்கள் ஓடிய பிறகு இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிட்டன. அந்தச் சூழல் எந்தப் படத்திலும் இல்லை, அதைத் தடுக்கும் படமும் இல்லை. இரு குழுவினரும் தங்கள் மீது தவறில்லை என்று நேர்மையாகவே நம்பினார்கள், அது உண்மையும்கூட. தொகுப்பாக இருக்கும் படங்கள் எடுத்துக்காட்டுகளா, முழுப் பட்டியலா என்று யாரும் தொடக்கத்தில் கேட்கவில்லை.

எடுத்துக்காட்டுக்கும் கட்டாயத்துக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைப் படத்திலேயே காட்ட வேண்டும் என்று வெர்னர் டாமும் டேவிட் ஹாரெலும் முயன்றதன் விளைவே 2001-இல் வெளியான ‘உயிருள்ள வரிசைப் படங்கள்’. ‘இப்படி நடக்கக்கூடும்’ என்ற படத்துக்கும் ‘இது நடந்தால் அடுத்து இது நடந்தே ஆக வேண்டும்’ என்ற படத்துக்கும் அவர்கள் வெவ்வேறு சட்டகம் கொடுத்தார்கள். பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை என்றாலும், அந்தப் பிரிவினையை மட்டுமாவது உங்கள் ஆவணங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் மூலையில் ‘கூடும்’ அல்லது ‘வேண்டும்’ என்ற ஒரு சொல்லை எழுதினாலே பல வாக்குவாதங்கள் குறையும்.

பாதுகாப்பு நெறிமுறைகளில் இந்தப் படங்கள் எவ்வளவு ஆழமாக ஏமாற்றக்கூடும் என்பதற்கு, இருவர் ஒருவர் மற்றவரின் அடையாளத்தை உறுதிசெய்துகொள்ள உதவும் நீடம்–ஷ்ரோடர் நெறிமுறை ஒரு பாடம். 1978-இல் வெளியான அதன் பொதுத்திறவுகோல் வடிவத்தின் (ஒருவருக்கான செய்தியை எவரும் பூட்டலாம், அவர் மட்டுமே திறக்கலாம்) மையத்தில் இருப்பவை மூன்றே அம்புகள்: முதலாமவர் தன் பெயரையும் ஒரு புதிய எண்ணையும் பூட்டி அனுப்புகிறார், இரண்டாமவர் அந்த எண்ணையும் தன் எண்ணையும் சேர்த்துப் பூட்டித் திருப்புகிறார், முதலாமவர் இரண்டாமவரின் எண்ணைத் திருப்பி அனுப்புகிறார். இரு கோடுகளுக்கு நடுவே வரைந்தால் குறை காண முடியாது. காவின் லோ 1995-இல் காட்டியது என்னவென்றால், முதலாமவர் தெரிந்தே வேறொருவரோடு பேசத் தொடங்கும்போது, அந்த வேறொருவர் நேர்மையற்றவராக இருந்தால், அவர் அதே செய்திகளை இரண்டாமவரிடம் கடத்தி, முதலாமவராகவே தன்னைக் காட்டிக்கொள்ள முடியும். படத்தில் மூன்றாவது கோடு ஒன்றைச் சேர்த்து, ஒரே நெறிமுறையை இரண்டு முறை பின்னிப் பிணைத்து வரைந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். அதற்கு 17 ஆண்டுகள் ஆயின. தீர்வு மிகச் சிறியது: இரண்டாவது செய்திக்குள் இரண்டாமவரின் பெயரையும் சேர்த்தால் போதும்.

பெட்ரி வலை என்பது நிலைப்படத்தின் இன்னொரு வடிவமா?
– கணினி அறிவியல் ஆசிரியர்

இல்லை, அடிப்படைப் பார்வையே வேறு. நிலைப்படத்தில் முழு அமைப்பும் ஒரு கணத்தில் ஒரே நிலையில் இருக்கிறது. கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் டார்ம்ஸ்டாட்டில் அளித்த ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த இந்த முறையில், ‘முழு அமைப்பின் நிலை’ என்பதை ஒரே கண் பார்ப்பதாகக் கொள்வதில்லை. வட்டங்கள் இடங்கள், பட்டைகள் நிகழ்வுகள், வட்டங்களுக்குள் புள்ளிகளாக வில்லைகள். ஒரு நிகழ்வுக்குள் நுழையும் எல்லா இடங்களிலும் வில்லை இருந்தால் அது நடக்கலாம். நடந்தால் அங்கிருந்து வில்லைகள் நீங்கி, வெளியே செல்லும் இடங்களில் சேரும். இரண்டு நிகழ்வுகளுக்குப் பொதுவான இடம் இல்லை என்றால் அவை ஒன்றையொன்று சாராதவை என்பதைப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

ஐந்து செய்திகளுக்கு மட்டும் இடமுள்ள ஒரு தாங்ககத்தை வரைவோம். ‘காலி இடம்’ என்ற வட்டத்தில் ஐந்து வில்லைகள், ‘நிரம்பிய இடம்’ என்ற வட்டத்தில் எதுவுமில்லை. ‘இடு’ என்ற நிகழ்வு காலியிலிருந்து ஒன்றை எடுத்து நிரம்பியதில் வைக்கிறது; ‘எடு’ என்ற நிகழ்வு அதைத் திருப்பிச் செய்கிறது. எத்தனை பேர் எந்த வரிசையில் இட்டாலும் எடுத்தாலும் இரு வட்டங்களின் கூட்டுத்தொகை ஐந்தாகவே இருக்கும். எனவே தாங்ககம் ஒருபோதும் நிரம்பி வழியாது. இந்த நிறுவலுக்கு அமைப்பை ஓட்டிப் பார்க்கவோ நிலைகளை எண்ணவோ தேவையில்லை. படத்தின் அமைப்பிலிருந்தே சிறு சமன்பாடாக வருகிறது. வகுப்பில் நீங்கள் பெட்ரி வலையைக் கற்பிக்கும்போது இந்த மாறாத்தொகையிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. வில்லைகள் நகர்வதை மட்டும் காட்டினால் மாணவர்கள் அதை ஒரு விளையாட்டாகவே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

பெரிய அமைப்புகளுக்கு வில்லைகள் தரவைச் சுமக்க வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் குர்ட் யென்சன் வளர்த்த வண்ணப் பெட்ரி வலைகள் அதற்கானவை.

ஹாரெலின் நிலைவரைபடமும் யூ.எம்.எல். நிலைவரைபடமும் ஒன்றா?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

தோற்றத்தில் உறவு, பொருளில் வேறுபாடு. டேவிட் ஹாரெல் 1987-இல் வெளியிட்ட முறை, நிலைக்குள் நிலை என்ற அடுக்கையும், பக்கவாட்டில் இணையாக இயங்கும் பகுதிகளையும் தந்தது. பத்துப் பத்து நிலைகள் கொண்ட மூன்று பகுதிகளைத் தட்டையாக வரைந்தால் 1000 நிலைகள் வேண்டியிருக்கும்; ஹாரெலின் முறையில் 30 போதும். மென்பொருள் வடிவமைப்புக்கான பொதுத் தரப் பட மொழியான யூ.எம்.எல். அதைத் தழுவிக்கொண்டது. ஆனால் ஒரே நிகழ்வுக்கு வெளிநிலையிலும் உள்நிலையிலும் அம்பு இருந்தால், ஹாரெல் குழுவின் ஸ்டேட்மேட் கருவி வெளி அம்பைத் தேர்கிறது, யூ.எம்.எல். உள் அம்பைத் தேர்கிறது. அதே படம், எதிரெதிர் நடத்தை. காத்திருக்கும் நிகழ்வுகளில் எதை முதலில் எடுப்பது என்பதையும் யூ.எம்.எல். தரம் திட்டவட்டமாகச் சொல்வதில்லை. எனவே ஒரு கருவியில் வரைந்த படத்தை இன்னொன்றுக்கு மாற்றும்போது, படம் பிழையின்றித் திறந்துவிட்டது என்பதை நம்பி நிற்காதீர்கள்.

படம் வரைந்துவிட்டால் கணினியே எல்லாப் பிழைகளையும் கண்டுபிடித்துவிடுமா?
– ஆய்வு மாணவர்

பலவற்றைக் கண்டுபிடிக்கும், அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜூரிக் ஆய்வகத்தில் வெஸ்ட், சாஃபிரோபுலோ இருவரும் எக்ஸ்.21 என்ற பன்னாட்டு இடைமுகப் பரிந்துரையை, இரு முனைகளின் நிலைகளையும் இணைத்து எட்டக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் கணினியைக் கொண்டே தேடிப் பார்த்தார்கள். 1978-இல் வெளியான அந்த ஆய்வு, அறிஞர் குழு ஒன்று ஒப்புதல் அளித்து வெளியிட்ட ஆவணத்திலும் குறைகள் இருப்பதைக் காட்டியது. அவற்றுள் முக்கியமானவை, ஒரு நிலையில் வந்து சேரக்கூடிய செய்திக்கு அங்கே விடையே வரையறுக்கப்படாமல் இருந்தவை. முதல் பதிலில் நான் சொன்ன, வரையப்படாத அம்புதான் அது.

ஆனால் எல்லை உண்டு. இரண்டே நிலைப்பொறிகள், நடுவே அளவில்லாமல் செய்திகளைத் தாங்கும் வரிசைகள் என்று வைத்துக்கொண்டால், அந்த அமைப்பு, ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும் டெட்லாக்கில் சிக்குமா என்ற கேள்விக்கே எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் தீர்வுமுறை இருக்க முடியாது என்பதை பிராண்ட், சாஃபிரோபுலோ இருவரும் 1983-இல் காட்டினார்கள். அளவில்லாத வரிசை முடிவற்ற நினைவு நாடாவைப்போல் பயன்பட்டு, இரு எளிய பொறிகளும் சேர்ந்து எந்தக் கணிப்பையும் செய்யவல்லவை ஆகிவிடுகின்றன. எஸ்.டி.எல். வரிசைகளும் அளவில்லாதவையாகவே வரையறுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பெட்ரி வலையில் நிலைமை சற்று நல்லது: குறிப்பிட்ட ஒரு வில்லை அமைப்பை எட்ட முடியுமா என்ற கேள்விக்குத் தீர்வுமுறை உண்டு என்று எர்ன்ஸ்ட் மாயர் 1981-இல் நிறுவினார். ஆனால் அதற்குத் தேவைப்படும் உழைப்பு, நடைமுறையில் எட்டாத வேகத்தில் வளரக்கூடியது.

நடைமுறையில் வரிசையின் நீளத்துக்கு ஓர் எல்லை வைத்துவிட்டுத் தேடுகிறோம். அப்படி எல்லை வைத்தாலும், செயலிகள் பெருகப்பெருகச் சேர்க்கைகளின் எண்ணிக்கை பெருக்கல் கணக்கில் ஊதிப் பெருகுகிறது. ஜெரார்ட் ஹோல்ஸ்மன் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய ஸ்பின் கருவி இதில் வெகுதூரம் போகிறது. அதற்கு உள்ளீடு எழுத்து வடிவ மொழி; பிழை கண்டால் அதற்கு இட்டுச்சென்ற பாதையைச் செய்தி வரிசைப் படமாக வரைந்து காட்டும். படத்தின் மிகச் சிறந்த பயன்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். முழு வரையறையாக இருக்கத் தவறும் அதே வரிசைப் படம், ‘இப்படித்தான் சிக்கிக்கொண்டீர்கள்’ என்று ஒரு நிகழ்வை எடுத்துச்சொல்வதில் நிகரற்றது.

எல்லாவற்றையும் எழுத்திலேயே எழுதிவிடலாமே? சி.எஸ்.பி., லோட்டோஸ் போன்றவை படமின்றியே துல்லியமானவை அல்லவா?
– ஆராய்ச்சியாளர் ஒருவர்

துல்லியத்துக்குப் படம் தேவையில்லை என்பது உண்மை. ஹோரின் சி.எஸ்.பி. 1978-இலிருந்தே, லோட்டோஸ் 1989-இல் ஐ.எஸ்.ஓ. 8807 தரமாகவும், ஒரு கோடும் வரையாமல் தொடர்பு அமைப்புகளை வரையறுத்து வந்திருக்கின்றன. நான் படத்தின் பக்கம் நிற்பது வேறு காரணத்துக்காக. ஒரு வரையறையை இறுதியில் ஏற்றுக்கொள்பவர்கள் கணிதம் அறிந்தவர்கள் மட்டும் அல்லர். வன்பொருள் வடிவமைப்பவர், சோதனை எழுதுபவர், பழுது பார்ப்பவர் எல்லாரும் அதைப் படித்து ‘இங்கே இது தவறு’ என்று சொல்லும் உரிமை பெற்றவர்கள். எண்ணியல் தொலைபேசி வலையான ஐ.எஸ்.டி.என்.-இன் இணைப்படுக்கை வரையறுக்கும் கியூ.921 பரிந்துரையின் எஸ்.டி.எல். பக்கங்களில், ஒரு நிலைக்குக் கீழே எந்தச் செய்திக்குக் கிளை இல்லை என்பதை விரலால் தொட்டுக் காட்ட முடியும். பத்திகளாக எழுதிய விளக்கத்தில் இல்லாத வாக்கியத்தைக் காட்டுவது மிகக் கடினம்.

கணக்கீடுகளும் தரவமைப்புகளும் மிகுந்த பகுதிகளை மட்டும் எழுத்தில் வையுங்கள். ஒரு சூத்திரத்தைப் பத்துப் பெட்டிகளாக உடைத்து வரைவதில் யாருக்கும் நன்மை இல்லை.

டி.சி.பி. நிலைப்படத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அதை வைத்து டி.சி.பி.-யை நிரலாக எழுதிவிட முடியுமா?
– முதலாண்டு மாணவர்

டி.சி.பி. என்பது இணையத்தில் தரவு தொலையாமல் வரிசையாகச் சேர உதவும் நெறிமுறை. அதை வரையறுத்து செப்டம்பர் 1981-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 793 ஆவணத்திலுள்ள அந்தப் படத்தில் 11 நிலைகள் உள்ளன. அந்த ஆவணமே, இந்தப் படம் ஒரு சுருக்கம் மட்டுமே, முழு வரையறையாகக் கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கிறது. பிழைச் சூழல்களையும், நிலை மாறாமல் நடக்கும் செயல்களையும் படம் காட்டவில்லை என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. தன் படத்தின் பொருள் எங்கே முடிகிறது என்பதைத் தானே சொல்லிவிடும் ஆவணங்கள் அரிது என்பதால் எனக்கு அதன் மீது தனி மதிப்பு உண்டு. இணைப்பை உடனே முறிக்கச் சொல்லும் மீட்டமைப்புச் செய்தி ஒவ்வொரு நிலையிலும் வந்தால் என்ன செய்வது என்பதை, அதே ஆவணத்தின் பிற்பகுதியில் நிலை நிலையாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஆவணத்தின் 2022 பதிப்பான ஆர்.எஃப்.சி. 9293-ஐ எடுத்து, அந்தப் பகுதியை வாசித்தபடியே படத்தில் இல்லாத அம்புகளை நீங்களே ஒவ்வொன்றாக வரைந்து பாருங்கள். 11 நிலைகளுக்கும் வரைந்து முடித்த பிறகு எழுதுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் பேசுவோம்.